ஸ்டீயரிங் வீலை வீட்டிலேயே கழற்றிப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேய்ந்துபோன ஸ்டீயரிங் வீலைப் புதுப்பிக்க முனைபவர்கள் செய்யும் முதல் தவறு, அதைக் கழற்றத்தான் வேண்டுமா என்று யோசிக்காமலே ஸ்பேனரைக் கையில் எடுப்பது. இந்த வேலையில் ஆபத்து இருப்பது கழற்றுவதிலும் மாட்டுவதிலும்தான். முடிவில் கிடைக்கும் தோற்றத்தை நிர்ணயிப்பதோ யாருக்கும் பிடிக்காத துடைப்பும் தேய்ப்பும். பலர் முதலாவதை அவசரமாகவும் இரண்டாவதை அரைகுறையாகவும் செய்துவிட்டு, பூச்சு தரமற்றது என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

பல ஆண்டுகள் ஓடிய காரின் தோல் உறை பளபளவென்று மின்னினால், தோல் தேய்ந்துவிட்டது என்று பொருளல்ல. பெரும்பாலும் அது உள்ளங்கையின் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் தூசியும் சேர்ந்து படிந்த படலம். புதிதாக இருந்தபோது அதே தோல் மங்கலாகத்தான் இருந்திருக்கும். ஆகவே வண்டியிலேயே வைத்து, வளையத்தின் அடிப்பகுதியில் ஒரு சாண் அளவுக்குத் தோலுக்கென விற்கப்படும் கிளீனரை மென்மையான பிரஷில் தொட்டுத் தேய்த்து, உடனே துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். கிளீனரை நேரடியாக வளையத்தின் மீது ஊற்றினால் அது சுவிட்சுகளுக்குள் இறங்கும் என்பதால், பிரஷில் மட்டுமே எடுப்பது நல்லது. மங்கல் திரும்பி, நிறமும் நிலைத்து நின்றால் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. நிறம் போய் நார் தெரிகிறது, தையல் பிரிந்திருக்கிறது, தோலை மாற்ற வேண்டும் என்ற நிலை இருந்தால்தான் கழற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும்.

ஏர்பேக் விஷயத்தில் அவசரம்

கழற்றுவது என்று முடிவாகிவிட்டால், அந்தக் காரின் சர்வீஸ் கையேட்டைப் படிக்காமல் தொடங்குவது பெரிய தவறு. வீலின் நடுவில் இருக்கும் ஏர்பேக்கைத்தான் முதலில் எடுக்க வேண்டும்; அதைப் பிடித்திருப்பது சில கார்களில் பக்கவாட்டுப் போல்ட்டுகள், சிலவற்றில் பின்புறத் துளை வழியாக நெம்பி விடுவிக்க வேண்டிய கம்பி கிளிப்புகள். வேறொரு மாடலுக்கான காணொளியை நம்பி நெம்பினால் உடைவது கிளிப்பு மட்டுமாக இருக்காது. அந்தக் காரின் ஏர்பேக்கிற்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். தகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்களில், அதாவது பையை ஊதிவிடும் வாயு உருளைகளில், இருந்த அம்மோனியம் நைட்ரேட், நீண்ட காலம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் இருந்து சிதைந்து, வெடிக்கும்போது உலோகக் கூட்டையே சிதறடித்ததால் உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன; அந்த நிறுவனம் 2017-இல் திவாலானது. அறிவிப்பு நிலுவையில் உள்ள காராக இருந்தால், அதன் ஏர்பேக்கில் வீட்டில் கை வைக்கவே கூடாது.

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிய கையோடு வேலையைத் தொடங்குவதை அதிகம் காண முடிகிறது. விபத்தில் பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக, அதன் கட்டுப்பாட்டு அமைப்பிலுள்ள கெப்பாசிட்டர்கள் மின்னூட்டத்தைச் சிறிது நேரம் சேமித்து வைத்திருக்கும். காத்திருக்க வேண்டிய நேரம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது: சிலர் 90 விநாடி என்கிறார்கள், சிலர் 3 நிமிடம், சிலர் அதற்கும் மேல். கையேடு எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் 10 நிமிடம் காத்திருப்பதால் யாருக்கும் நட்டமில்லை. கழற்றிய கிளாம்ப் தானாகத் திரும்பி டெர்மினலைத் தொடாதபடி ஒதுக்கிக் கட்டிவைக்க வேண்டும். மின்கலத்தில் ஓடும் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும்கூட ஏர்பேக் அமைப்பு பெரும்பாலும் தனியான 12 வோல்ட் பேட்டரியின் மின்சாரத்தில்தான் இயங்குகிறது. பெரிய பேட்டரி வேறாக இருக்கிறது என்பதற்காக இந்தச் சிறிய பேட்டரியை மறந்துவிடக் கூடாது. பேட்டரி டிக்கியில் இருக்கும் கார்களில், துண்டித்தபின் டிக்கியை மூடிவிட்டால் மின்பூட்டு திறக்காது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

கழற்றிய ஏர்பேக்கைக் குப்புற வைப்பது உயிருக்கே ஆபத்தான பழக்கம். அலங்கார முகம் மேல்நோக்கி இருந்தால், தற்செயலாக விரிந்தாலும் பை மேல்நோக்கித்தான் பாயும். குப்புறக் கிடந்தால் உலோகப் பகுதி முழுவதும் எறிகணையாகக் கிளம்பும். எடுத்துச் செல்லும்போது அந்த முகம் உடலுக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும். அதன் மீது எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது. வெயிலிலும் அடுப்பருகிலும் விடக் கூடாது. இணைப்பு சரியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம், ஏனெனில் அந்த மீட்டர் செலுத்தும் சிறு மின்னோட்டமே தூண்டுதலாகிவிட வாய்ப்புண்டு.

நட்டும் சுருள் கேபிளும்

முன் சக்கரங்கள் நேராக இல்லாதபோது வீலைக் கழற்றுவதும், தண்டிலும் வீலின் மையத்திலும் அடையாளக் கோடு போடாமல் விடுவதும் மீண்டும் மாட்டும்போது தலைவலியாகும். மைய நட்டைத் தளர்த்தும்போது ஸ்டீயரிங் பூட்டு தாங்கிக்கொள்ளும் என்று முழு பலத்தையும் அதன் மீது செலுத்தினால் பூட்டு உடையலாம். வளையத்தை ஒரு கையால் அல்லது உதவியாளரைக் கொண்டு பிடித்துக்கொள்வதே முறை. நட்டை முழுவதுமாகக் கழற்றிவிட்டு வீலை இழுப்பவர்கள், அது திடீரென விடுபட்டு முகத்தில் மோதிய பிறகுதான் இரண்டு மூன்று புரிகளை விட்டுவைப்பதன் அருமையை உணர்கிறார்கள். விடுபட மறுக்கும் வீலைச் சுத்தியலால் தட்டினால், தண்டுக்குள் இருக்கும் மடங்கும் பகுதியும் பேரிங்குகளும் பாதிக்கப்படும். புல்லர் என்ற கருவி இருப்பது அதற்காகத்தான்.

வீலுக்குப் பின்னால் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்னும் சுருள் கேபிள்தான் ஏர்பேக்கிற்கும் ஹார்னுக்கும் சுவிட்சுகளுக்கும் மின்சாரத்தைக் கடத்துகிறது. உள்ளே இருப்பது இருபுறமும் சில சுற்றுகள் மட்டுமே தாங்கும் மெல்லிய நாடா. வீல் இல்லாதபோது குழந்தைகளோ நாமோ அதை விளையாட்டாகச் சுற்றிவிட்டால், மாட்டியபின் முதல் முழுத் திருப்பத்திலேயே நாடா அறுந்து, ஏர்பேக் விளக்கு அணையாமல் எரியும். வீல் வெளியே வந்த கணமே அதன் மீது டேப் ஒட்டி அசையாமல் நிறுத்திவிடுவது, இந்த வேலை முழுவதிலும் மிகக் குறைந்த உழைப்பில் மிகப் பெரிய செலவைத் தவிர்க்கும் செயல். வீல் வெளியே இருக்கும் நாட்களில் இக்னிஷனைப் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம். பிழைக்குறி பதிவாகி, அதை நீக்க ஸ்கேனர் தேவைப்படும்.

பூச்சு ஏன் உரிகிறது

கார் தோலின் நிறம் பெரும்பாலும் தோலுக்குள் ஊறிய சாயம் அல்ல. மேற்பரப்பில் அடிக்கப்பட்ட, நிறமி கலந்த பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் வகைப் பூச்சு. தேய்வது அந்தப் பூச்சுதான். இது புரியாதவர்கள் தேங்காய் எண்ணெயையும் கண்டிஷனரையும் தடவுகிறார்கள். பூச்சு இருக்கும் இடத்தில் எண்ணெய் உள்ளே போகாது; பூச்சு போன இடத்தில் உள்ளே போய்விட்டு, பின்னர் அடிக்கும் புதிய பூச்சைப் பிடிக்கவிடாது. ஷூ பாலிஷ் வியர்க்கும் கையில் ஒட்டிக்கொண்டு வரும். உலோகத்துக்கான ஸ்பிரே பெயின்ட் இறுகி வெடிக்கும். பளபளப்புக்காக விற்கும் சிலிக்கான் திரவங்களோ வளையத்தை வழுக்கச் செய்வதோடு, அவற்றின் மிச்சம் இருக்கும் இடங்களில் புதிய பூச்சு விலகிச் சிறு குழிகளாக நிற்கும்.

கிளீனரால் பல முறை தேய்த்து, துணியில் அழுக்கு வருவது நின்றபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். அசிட்டோனும் தின்னரும் விரைவாக வேலை செய்வது போலத் தோன்றினாலும், சுவிட்சுகளின் பிளாஸ்டிக்கையும் உள்ளிருக்கும் ஃபோமையும் கெடுத்துவிடும். எழும்பி நிற்கும் நாரை 600 எண் உப்புத்தாளில் தொடங்கி 1000-இல் முடித்தால் போதும். 120-ஐ எடுத்து அழுத்தித் தேய்த்தால் நார் மேலும் எழும்பும். தையலுக்கு மேல் மெல்லிய டேப் ஒட்டாமல் உப்புத்தாளைச் செலுத்துவோர், நூல் மெலிந்ததைச் சில மாதங்கள் கழித்துத் தையல் பிரியும்போதுதான் அறிகிறார்கள். துளையிட்ட தோலில், விரிசல்களை நிரப்பும் பசையான ஃபில்லரைப் பரப்பினால் துளைகள் அடைபட்டுத் திட்டாகத் தெரியும். மற்ற இடங்களிலும் அது மெல்லிய அடுக்குகளாகத்தான் போக வேண்டும். ஃபோம் தெரியுமளவுக்குக் கிழிந்த தோலுக்கு ஃபில்லர் மருந்தல்ல.

நிறத்தை ஒரே கனமான பூச்சில் முடிக்க நினைப்பதே அது பின்னாளில் ஸ்டிக்கர்போல் உரிவதற்கு முதன்மைக் காரணம். ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி, ஒவ்வொரு முறையும் ஹேர் டிரையரில் மிதமான சூட்டில் உலர்த்தி, ஐந்தாறு மெல்லிய அடுக்குகளாக ஏற்றி, கடைசியில் ஹார்டனர் என்னும் இறுக்கும் திரவம் கலந்த மங்கலான மேற்பூச்சு அடிக்க வேண்டும். ஹார்டனர் கலந்த திரவம் சில மணி நேரத்தில் பயனற்றுப்போகும் என்பதால் தேவையான அளவு மட்டும் கலக்கலாம். தொட்டால் ஒட்டவில்லை என்பதும் முழுதாக இறுகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. ஒரு நாளாவது தொடாமல் விட்டு, அடுத்த சில நாட்களுக்கு ஆல்கஹால் கலந்த சானிடைசர் ஈரம் காயாத கையோடு வளையத்தைப் பிடிக்காமல் இருக்க வேண்டும்.

தோலே இல்லாத, வார்க்கப்பட்ட பாலியூரித்தேன் வளையம் பிசுபிசுத்துப் போயிருந்தால் எந்தப் பூச்சும் அதைக் காப்பாற்றாது. அதற்குத் தைத்து மாட்டும் உறை அல்லது மாற்று வீல்தான் வழி. உறை வாங்கும்போது வளையத்தின் விட்டத்தை மட்டும் அளந்துவிட்டு, பிடிமானத்தின் சுற்றளவை அளக்காமல் விடுவதால்தான் உறை தொளதொளக்கிறது. திருப்பும்போது உள்ளே நழுவும் உறை விபத்துக்கு வழி. சூடேற்றும் வசதியோ, கை இருப்பதை உணரும் சென்சாரோ உள்ள வளையங்களில் கனமான உறையும் கூர்மையான ஊசியும் அவற்றைப் பழுதாக்கலாம். ஏர்பேக் மூடியின் மீது மட்டும் எதையும் ஒட்டவோ, தடிமனாகப் பூச்சடிக்கவோ வேண்டாம். அதன் பின்புறம் குறிப்பிட்ட கோட்டில் கிழிவதற்கென்றே மெலிதாக வார்க்கப்பட்டிருக்கிறது.

திரும்ப மாட்டும்போது நட்டை அல்லது போல்ட்டைக் கைப்பலத்தின் மதிப்பீட்டில் முறுக்காமல், கையேடு சொல்லும் அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு முறையும் புதிய போல்ட் போடச் சொல்கிறார்கள். ஏர்பேக் கனெக்டரின் பூட்டு கிளிக் என்று விழுந்ததை உறுதிசெய்து, பேட்டரியைக் கடைசியாக, காருக்குள் யாரும் இல்லாதபோது இணைக்க வேண்டும். இக்னிஷனைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியாமலே இருந்தாலும் அணையாமல் இருந்தாலும் பழுது இருக்கிறது. நேரான சாலையில் மெதுவாக ஓட்டும்போது வீல் சற்றுச் சாய்ந்து நின்றால், அது தண்டில் உள்ள பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கிறது. அதை வீல் அலைன்மென்ட்டில், முன் சக்கரங்களைத் திருப்பும் டை ராடுகளைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம் என்று விடுவோர், கிளாக் ஸ்பிரிங்கையும் திருப்பக் கோண சென்சாரையும் மையம் தவறிய நிலையிலேயே ஓட்டுகிறார்கள். பேட்டரியைத் துண்டிப்பதிலிருந்து மீண்டும் தொடங்கி, போட்டுவைத்த அடையாளக் கோட்டுக்கு நேராக வீலை மாட்டுவதுதான் அதற்குச் சரியான திருத்தம்.