பழைய டீசல் பிக்கப் ஓட்டத்தில் நின்றுவிடுகிறதா? காரணத்தை நீங்களே தேடிப் பிடிக்கலாம்

கொழும்பு பேஸ்லைன் வீதியில் கலர் லைட்டுக்கு நிற்கிறீர்கள். பச்சை விழுகிறது, கிளச்சை விடுகிறீர்கள், இஞ்சின் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது. கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு குறையும் காட்டாது. இப்படி இடைக்கிடை வந்து போகிற கோளாறில்தான் காசு அதிகம் வீணாகிறது. ஒருவர் பில்டரை மாற்றச் சொல்வார், இன்னொருவர் பம்பைக் கழற்றச் சொல்வார். எங்கள் ஒழுங்கையில் பேலியகொடைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றப் போகிற ஒரு பிக்கப்புக்கு டீசல் பம்பையே பிரித்துப் பார்த்துவிட்டார்கள். கடைசியில் குற்றவாளி, டாங்கிலிருந்து வரும் வழியில் வெடித்துப்போயிருந்த ஒரு சாண் ரப்பர் குழாய்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, பழைய வண்டியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய நிலை பலருக்கு வந்தது. இங்கே சொல்வது எண்பது, தொண்ணூறுகளின் ஹைலக்ஸ், எல்200, நிசான் போன்ற, கம்ப்யூட்டர் இல்லாத சாதாரண டீசல் பம்ப் உள்ள பிக்கப்புகளுக்கு. டீசலைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிற கொமன் ரெயில் இஞ்சின் என்றால் ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பாதுகாப்பு

ஓடும்போது இஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் ஒன்றிரண்டு மிதிக்கு மட்டுமே மிச்சம் இருக்கும். அதனால் பிரேக்கை மிதித்து மிதித்து விடாதீர்கள். ஒரே மிதியாக அழுத்தி, இடப்பக்கம் ஒதுக்குங்கள். வண்டி முழுதாக நிற்கும்வரை திறப்பை வெளியே எடுக்கக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். களனிப் பாலத்தில் ஏறும்போது இது நடந்தால் யோசிக்க நேரம் இருக்காது, இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படி நின்றது என்று கவனியுங்கள்

ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் செய்ய வேண்டியது இதுதான். என்னைக் கேட்டால் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். டீசல் இஞ்சின் நிற்பதில் இரண்டு விதம் உண்டு.

திறப்பைத் திருப்பி நிறுத்தியதுபோல ஒரே நொடியில் நின்றால், கோளாறு பெரும்பாலும் கரண்டில். முதலில் இழுவை குறைந்து, திக்கித் திணறி, அக்சிலேற்றரை அழுத்தியும் ஏறாமல் பிறகு நின்றால், டீசல் போதவில்லை அல்லது அதோடு காற்று கலந்திருக்கிறது. ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: எப்படி நின்றது, இஞ்சின் சூடா குளிரா, டாங்கில் எவ்வளவு டீசல், ஏசி போட்டிருந்ததா, மழையா, ஏற்றமா. நாலைந்து தடவை எழுதினால் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

பட்டென்று நின்றால்: பல்ப் சோதனை

டீசல் பம்பின் மேல் அல்லது பின்பக்கம், ஒற்றை வயர் போகிற விரல் பருமனான உருளை ஒன்று இருக்கும். அதுதான் டீசலை நிறுத்தும் சொலினோய்ட். அதற்கு 12 வோல்ட் போய்க்கொண்டிருக்கும்வரை டீசல் போகும். ஒரு கணம் கரண்ட் விட்டுப்போனாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வழியை அடைத்துவிடும், இஞ்சின் நின்றுவிடும்.

திறப்பை 'ஒன்'னில் வைத்து, அந்த வயரைக் கழற்றி மறுபடி தொடுங்கள். 'டிக்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் அப்போதைக்கு வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம், ஓடும்போது என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. அதற்குத்தான் பல்ப்.

சிறிய 12 வோல்ட் பல்ப் ஒன்று, நீளமான வயர், 5 அம்பியர் பியூஸ் ஒன்று எடுங்கள். சொலினோய்டின் வயரைக் கழற்றாமல், அதே முனையில் உங்கள் வயரையும் சேர்த்து இறுக்குங்கள். பியூஸ் அந்த முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், வழியில் வயர் உரசினாலும் ஆபத்து வராது. வயரைச் சூடான சைலன்சர் பக்கம் விடாமல் உள்ளே கொண்டுவந்து, பல்பை டாஷ்போர்டில் ஒட்டுங்கள். பல்பின் மற்ற முனை வண்டியின் பொடியில், அதாவது இரும்பு உடலில், எர்த். இப்போது வழக்கம்போல ஓட்டுங்கள்.

இஞ்சின் நிற்கிற அதே நொடியில் பல்பும் அணைந்தால், கரண்ட் வரவில்லை. திறப்பு சுவிட்ச், பியூஸ் பெட்டி, வழியில் உள்ள கனெக்டர்கள், பற்றரி முனைகள் இவற்றைப் பாருங்கள். இஞ்சினை ஓடவிட்டு, திறப்பை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கனமான சாவிக்கொத்து தொங்கியே சுவிட்ச் தேய்ந்துபோன வண்டிகள் நிறைய. ஒவ்வொரு கனெக்டராக அசைத்துப் பாருங்கள். வெள்ளவத்தை, தெகிவளை என்று கடற்கரையோரம் நிறுத்துகிற வண்டிகளில் உப்புக் காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும். வயரின் உறையைக் கொஞ்சம் நீக்கிப் பார்த்தால்தான் அது தெரியும்.

பல்ப் எரிந்துகொண்டிருக்க இஞ்சின் மட்டும் பட்டென்று நின்றால், சொலினோய்டையோ இஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் எர்த் பட்டியையோ சந்தேகியுங்கள். சூடானதும் உள்ளே விட்டுப்போய், ஆறியதும் மறுபடி வேலை செய்கிற சொலினோய்ட் பழைய வண்டிகளில் சாதாரணம்.

திணறி நின்றால்: தண்ணீர், காற்று, அடைப்பு

இங்கே சுலபமானதிலிருந்து போவோம். பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் டீசலைப் பிடித்து, சற்று நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து, கறுப்பு வழும்பாகப் படியவும் செய்யும். அப்படி வழும்பைக் கண்டால் பில்டரை மட்டும் மாற்றுவதில் பயனில்லை, டாங்கைக் கழுவ வேண்டும்.

அடுத்து, பில்டருக்கு மேலே உள்ள கைப் பம்ப். வண்டி நின்ற உடனேயே அதை அமுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று தடவையில் இறுகினால் டீசல் இருக்கிறது. பஞ்சுபோல மெத்தென்று இறங்கி, பல தடவைக்குப் பிறகுதான் இறுகினால் காற்று புகுந்திருக்கிறது. அமுக்கியது மேலே எழும்பி வர மறுத்தால் டாங்குப் பக்கம் அடைப்பு.

காற்று என்று தோன்றினால், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் டீசலுக்குத் தாங்குகிற கண்ணாடிபோன்ற குழாய் ஒரு அடி வாங்குங்கள். பில்டரிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் குழாய்க்குப் பதிலாக அதைப் போட்டு கிளிப்பால் இறுக்குங்கள். ஸ்டார்ட் பண்ணியதும் கொஞ்சம் குமிழி வரும், அது பூட்டும்போது உள்ளே போன காற்று. சில நிமிடத்தில் தெளிய வேண்டும். தெளியாமல் ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக ஓடிக்கொண்டே இருந்தால், அதுதான் நீங்கள் தேடியது.

இந்தப் பக்கத்தில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அதனால் வெடித்த குழாய் காற்றை உள்ளே இழுக்கும், ஆனால் வெளியே பெரும்பாலும் ஒரு துளிகூடச் சொட்டாது. ஈரம் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். எங்கே என்று பிரித்தறிய, 5 லீற்றர் கானில் சுத்தமான டீசலை எடுத்து, பில்டருக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, புதுக் குழாய் ஒன்றால் கானிலிருந்து கொடுங்கள். வண்டியை நிறுத்தி வைத்தே இதைச் செய்யுங்கள், வீதியில் ஓட்டக் கூடாது. குமிழி மறைந்தால் ஓட்டை டாங்குக்கும் பில்டருக்கும் நடுவில். மறையாவிட்டால் பில்டர் தலை, கைப் பம்பின் ரப்பர், அடித் திருகின் வளையம் ஆகியவற்றில் ஒன்று. ரப்பர் வளையங்கள் விலை குறைவு, மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுவதே புத்தி.

கானில் நன்றாக ஓடி, டாங்கில் மட்டும் திணறுகிறது, குமிழியும் இல்லை என்றால் அடைப்பு. டாங்கின் உள்ளே உறிஞ்சும் குழாயின் நுனியில் உள்ள வலை குப்பை பிடித்திருக்கும். 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் கடைசித் துளிவரை ஓட்டிய டாங்குகளைக் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு முன், வண்டி நின்றதும் டாங்கு மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளைதான் அடைபட்டிருக்கிறது.

சிக்னலில் மட்டும் நின்றால்

ஏசி போட்டிருக்கும்போது, வண்டி நிற்கும் இடத்தில் மட்டும் இஞ்சின் நின்றால் ஐட்லிங், அதாவது அக்சிலேற்றரை மிதிக்காதபோது இஞ்சின் சுற்றும் வேகம், குறைவு. ஏசி போட்டதும் ஐட்லிங்கைத் தூக்கிவிடும் சிறு கருவிக்கு வெற்றிடக் குழாய் ஒன்று போகும். அது கழன்றோ வெடித்தோ இருக்கிறதா என்று பாருங்கள்.

பம்பிலிருந்து இஞ்சினுக்கு மிகுந்த அழுத்தத்தில் டீசல் போகிற இன்ஜெக்டர் குழாய்களில் கசிவைத் தேட விரலை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

இவ்வளவும் சரியாக இருந்தும் நிற்கிறது என்றால்தான் பம்பின் முறை. டீசல் பம்ப் வேலை மட்டுமே செய்கிற, சோதனை மேசை உள்ள கடைக்குக் கொண்டுபோங்கள். பல்ப் எரிந்ததா, குமிழி வந்ததா, கானில் ஓடியதா என்று எழுதிய கொப்பியையும் கையோடு கொடுத்து, அதைப் பார்த்த பிறகே பம்பில் கை வைக்கச் சொல்லுங்கள்.