மோட்டார் சத்தமும் வாரண்டியும்: மின்சார கார் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் காரின் சத்தம் மாறியதை முதலில் கவனித்தது என் அம்மா. தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும்போது பின் இருக்கையிலிருந்து, "இது என்ன மக்களே, அடுத்த வீட்டு மிக்ஸி மாதிரி ஒரு இரைச்சல்?" என்று கேட்டார். கார் வாங்கி இரண்டாம் ஆண்டு அது. டயர் சத்தமாக இருக்கும் என்று சொல்லி விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து சர்வீஸுக்கு விட்டபோதும் வாயால்தான் சொன்னேன். நம் புகாரைச் சென்டரில் எழுதி வைக்கும் தாளான ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என்று மட்டும் எழுதியிருந்ததைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். கடைசியில் மோட்டாரை மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தபோது, "இந்தச் சத்தம் பற்றி இதற்கு முன்னால் புகாரே இல்லையே சார்" என்றார்கள். அவர்கள் கணினியில் உண்மையிலேயே ஒரு வரிகூட இல்லை. அதன் பிறகு வேலை முடிய ஐந்து மாதம் ஆனது.

அந்த ஐந்து மாதத்தில் எனக்குப் புரிந்தது இதுதான்: வாரண்டியில் நாம் தோற்பது பழுது பார்க்கும் இடத்தில் இல்லை, அதற்கு வெகு முன்னால். சத்தம் கேட்ட முதல் வாரத்தில் நாம் செய்யத் தவறியதே பிறகு நமக்கு எதிராக நிற்கிறது.

எல்லாச் சத்தத்தையும் மோட்டார் என்று நினைப்பது

இது ஒரு தவறு. எதுவுமே மோட்டார் இல்லை என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. பெட்ரோல் காரில் எஞ்சின் சத்தம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். மின்சார காரில் அந்தத் திரை இல்லாததால் பம்ப், ஏசி கம்ப்ரசர், டயர் எல்லாம் தனித்தனியாகக் காதில் விழும். மெதுவாகப் போகும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் பல புதிய கார்கள் ஸ்பீக்கர் வழியாகவே ஒரு ஒலி எழுப்புகின்றன. நடந்து போகிறவர்களை எச்சரிக்க வைத்த ஒலி அது. சுமார் 20 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் நின்றுவிடும். சார்ஜ் போடும்போது மின்விசிறியும் கம்ப்ரசரும் ஓடுவது பேட்டரியைக் குளிர்விக்க.

நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையோரத்துக்கு என்றே ஒரு சத்தம் உண்டு. குளச்சல், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி பக்கம் இரவில் வெளியே நிற்கும் கார், காலையில் நகர்த்தியதும் கரகர என்று தேய்க்கும். மின்சார காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே செய்துவிடுவதால் பிரேக் டிஸ்க் அதிகம் உரசுவதில்லை. உப்புக்காற்றில் அதன் மேல் மெல்லத் துரு படிகிறது. நாலு முறை பிரேக்கை நன்றாக அழுத்தினால் சத்தம் போய்விட்டது என்றால் அது துருதான், மோட்டார் இல்லை.

சரி, மோட்டார் பக்கத்துக் குறையை எப்படிப் பிரித்தறிவது? காரை நிறுத்திய பிறகும் சத்தம் கேட்டால் பம்ப்போ கம்ப்ரசரோ. வளைவில் திரும்பும்போது உறுமல் கூடிக் குறைந்தால் பெரும்பாலும் சக்கர பேரிங். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று கேட்டால் ஆக்சில் ஜாயின்ட். ஆனால் வேகம் கூடக் கூட சுருதியும் ஏறி, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும் காலை எடுத்ததும் வேறு மாதிரியும் ஒலித்தால், மோட்டாரையும் அதோடு சேர்ந்த பல்சக்கரப் பெட்டியையும் சந்தேகிக்க வேண்டும். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரிலிருந்து மெல்லிய சீட்டிச் சத்தம் வருவது சகஜம். அதுவே நாளுக்கு நாள் தடித்து, மாவு அரைப்பது போல ஆனால் சகஜமில்லை.

எதனால் அப்படி ஆகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். 80 கி.மீ. வேகத்தில் போகும்போது சாதாரண கார்ச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 650 சுற்று சுற்றும். இடையில் உள்ள பல்சக்கரங்கள் 9-க்கு 1 என்று குறைத்தால், மோட்டார் 6,000 சுற்றை ஒட்டிச் சுழல்கிறது. அதைத் தாங்குவது சில பேரிங்குகள். இன்வெர்ட்டர் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி மோட்டாருக்குக் கொடுக்கும்போது, சுழலும் தண்டில் ஒரு மின்னழுத்தம் சேர்கிறது. அது வெளியேற வழி தேடி பேரிங் குண்டுகள் வழியாகப் பாய்ந்தால், ஒவ்வொரு பாய்ச்சலிலும் ஊசிமுனை அளவு குழி விழும். நாளடைவில் பேரிங் பாதை துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாகிவிடும். நாம் கேட்கும் இரைச்சல் அந்த வரிகளின் மேல் குண்டுகள் உருள்வது. இதைத் தடுக்க, அந்த மின்சாரம் வேறு வழியில் வெளியேறும்படி தண்டுக்கு எர்த் பிரஷ் வைப்பார்கள், அல்லது மின்சாரம் கடத்தாத பீங்கான் குண்டுள்ள பேரிங் போடுவார்கள்.

உலகம் முழுக்கப் பேசப்பட்ட உதாரணம் ஒன்று உண்டு. டெஸ்லாவின் மாடல் எஸ் காரில் மோட்டார்ப் பகுதி இரைகிறது என்று பல உரிமையாளர்கள் மாற்றி வாங்கினார்கள். 2014 ஆகஸ்டில் அந்த நிறுவனம் மோட்டார்ப் பகுதிக்கான வாரண்டியைக் கிலோமீட்டர் வரம்பே இல்லாமல் 8 ஆண்டாக நீட்டியது. ஆகவே "மின்சார மோட்டாரில் கெட்டுப்போக என்ன இருக்கிறது?" என்று யாராவது கேட்டால் தயங்காமல் பேரிங் இருக்கிறது, பல்சக்கரம் இருக்கிறது, ஆயில் சீல் இருக்கிறது என்று சொல்லலாம்.

சத்தத்தைப் பதிவு செய்யாமல் சர்வீஸுக்குப் போவது

எல்லாத் தவறிலும் இதுதான் விலை அதிகமானது. சர்வீஸ் சென்டருக்கு வெளியே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் கேட்கலியே அண்ணே" என்று சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நாற்பது கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய பிறகு வரும் சத்தம், குளிர்ந்து நிற்கும் காரில் இரண்டு தெரு சுற்றினால் எப்படி வரும்?

ஆகவே சத்தம் எப்போது வருகிறது என்பதை நாம்தான் எழுதிக் கொண்டுபோக வேண்டும். என்ன வேகத்தில், எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு, மிதிக்கும்போதா காலை எடுக்கும்போதா, மழையா வெயிலா, ஏசி ஓடுகிறதா. ஏசியை அணைத்து ஒரு முறை, கண்ணாடியை இறக்கி ஒரு முறை கேளுங்கள். மதில் சுவரை ஒட்டிப் போனால் சத்தம் திரும்பி வந்து தெளிவாகக் கேட்கும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டச் சாலைகள் இப்படி ஓட்டிக் கேட்டுப் பார்க்க நல்ல இடம். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போய் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் அந்தக் காற்றில் வேறெதுவும் கேட்காது.

வீடியோ எடுக்கும்போது ஸ்பீடோமீட்டர் தெரிய வேண்டும். எடுப்பவர் பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும், ஓட்டுபவர் போனைத் தொடவே கூடாது. சில போன்கள் ஒரே சீரான இரைச்சலைத் தேவையற்ற சத்தம் என்று தாமாகவே வடிகட்டிவிடும். காதில் கேட்டது பதிவில் இல்லையென்றால் வேறு போனில் எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் ஜாப் கார்டு. உங்கள் புகார் உங்கள் சொற்களிலேயே அதில் ஏற வேண்டும்: "50 முதல் 70 கி.மீ. வேகத்தில், ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது, முன்பக்கத்திலிருந்து இரைச்சல்." கிலோமீட்டரும் தேதியும் சரியா என்று பாருங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று இருந்தால் கையெழுத்துப் போடாமல் மாற்றச் சொல்லுங்கள். அது சண்டை இல்லை. கவுண்டரில் இருக்கும் தம்பி கோபித்துக்கொள்ளவும் மாட்டார். டெக்னீஷியனை உடன் ஏற்றி சத்தம் வரும் வேகத்தில், சத்தம் வரும்வரை நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். காரைத் திரும்ப எடுக்கும்போது, "சோதித்தோம், குறை தெரியவில்லை" என்றாவது எழுத்தில் வாங்குங்கள். குறை இல்லை என்று எழுதிய தாளும் பின்னால் உங்களுக்கே உதவும். வாரண்டிக்குள் புகார் சொன்னீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

வாரண்டியைப் படிக்காமல் நம்புவது

நம் ஊரில் விற்கும் பல மின்சார கார்களுக்கு பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்று போடுகிறார்கள். எது முதலில் வருகிறதோ அதுவே எல்லை. ஆனால் எல்லாக் காருக்கும் அப்படி இல்லை. சிலவற்றில் அந்த 8 ஆண்டு பேட்டரிக்கு மட்டும். மோட்டாரும் இன்வெர்ட்டரும் பல்சக்கரப் பெட்டியும் எந்த வரியில் வருகின்றன என்று புத்தகத்தில் பாருங்கள். சக்கர பேரிங், ஆக்சில் போன்றவை பொதுவாகக் காரின் குறுகிய வாரண்டியில் வருபவை. அதனால்தான் சத்தம் எதிலிருந்து என்பதைச் சீக்கிரம் முடிவு செய்வது பணத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். காரை வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் தங்கள் வரம்பு வேறா என்றும் பார்க்க வேண்டும்.

விற்ற இடத்தில்தான் வாரண்டி வேலை செய்ய முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அந்த நிறுவனத்தின் எந்த அங்கீகரித்த சென்டரிலும் செய்யலாம். நாகர்கோவிலில் மோட்டாரை இறக்கத் தெரிந்த ஆள் இல்லையென்றால் திருநெல்வேலியோ திருவனந்தபுரமோ போகலாம். கையில் பழைய ஜாப் கார்டுகள் இருக்கட்டும்.

வெளியே திறக்க விடுவது, கயிறு கட்டி இழுப்பது

தெரிந்த மெக்கானிக் நல்லவர்தான், பத்து வருஷமாக நம் பெட்ரோல் காரைப் பார்த்தவர்தான். ஆனாலும் மோட்டார் பக்கம் அவரைக் கை வைக்க விடாதீர்கள். ஆரஞ்சு நிற வயர்களில் ஓடுவது பெரும்பாலான கார்களில் 300, 400 வோல்ட் நேர்மின்சாரம். காரை அணைத்த பிறகும் இன்வெர்ட்டருக்குள் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். உயிருக்கு ஆபத்து என்பது முதல் காரணம். சீல் உடைந்தால் வாரண்டி மறுக்கப்படும் என்பது இரண்டாவது. வயரில் வெட்டிச் சேர்க்கும் கூடுதல் விளக்கு, ஹாரன் எல்லாம் இதே வகைதான்.

கார் வழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்க வேண்டாம். மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையே கிளட்ச் இல்லை. சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும், அதனால் பாகங்கள் கெடலாம். நாலு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிச் செல்லும் லாரியை நிறுவனத்தின் உதவி எண்ணில் கேளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் மாவட்டத்துக்குத் தனிக் கவனம் வேண்டும், இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் எப்படி வந்தது என்று பார்த்தோம். தூசியும் தண்ணீரும் புகாத தரத்தைக் குறிக்கும் ஐபி67 என்று எழுதியிருக்கும் பேட்டரி, அசையாத தண்ணீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்ற அளவில் சோதித்தது. மொத்த காரும் வெள்ளத்தில் ஓடலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. வெள்ளத்தால் வந்த சேதம் வாரண்டியில் வராது, இன்சூரன்ஸில்தான் வரும். மோட்டாருக்குத் தனிப் பாதுகாப்பு சேர்த்திருக்கிறதா என்று பாலிசியைப் புதுப்பிக்கும்போதே கேளுங்கள். வாட்டர் வாஷில் பானெட்டுக்குள் பீய்ச்சி அடிக்க விடாதீர்கள்.

கோபத்தில் கத்திவிட்டு, எழுதாமல் விடுவது

இரண்டு முறை காட்டியும் வேலை நடக்கவில்லையென்றால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் போடுங்கள். ஜாப் கார்டு எண்கள், தேதிகள், வீடியோ, பதில் வேண்டிய நாள் போதும். திட்டு வேண்டாம். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், காரை வேறு ஊரில் வாங்கியிருந்தாலும் நாகர்கோவிலிலேயே போடலாம். காலவரம்பு 2 ஆண்டு. காரின் விலை 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 400 ரூபாய். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்த ஜாப் கார்டுகள்தான்.

மோட்டாரை மாற்றித் தந்தார்கள் என்று வையுங்கள். புதியதா, பழுது நீக்கிச் சீரமைத்ததா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் மாற்றிய பாகத்துக்குப் பழைய வாரண்டியின் மீதிக் காலம்தான் கிடைக்கும், 8 ஆண்டு முதலிலிருந்து தொடங்காது. இன்னொன்றைப் பலரும் மறக்கிறார்கள். ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணுக்கான இடத்தில் மின்சார காருக்கு மோட்டார் எண் இருக்கும். மோட்டார் மாறினால் அந்த எண்ணும் மாறும். சென்டரிடம் அதற்கான கடிதம் வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் காரை விற்கும்போது அல்லது கிளைம் வரும்போது சிக்கல். எனக்கு நாகர்கோவில் ஆர்.டி.ஓ.வில் இதை முடிக்க இரண்டு நாள் அலைய வேண்டியிருந்தது.

புது மோட்டாரோடு வந்த அன்று மாலை, பழைய வீடியோ எடுத்த அதே ரோட்டில், அதே வேகத்தில் அம்மாவைப் பின் இருக்கையில் உட்கார வைத்து ஓட்டினேன். அறுபதில் அந்த மிக்ஸிச் சத்தம் இல்லை. ஆனால் இடது வளைவில் மெல்லிய ஒரு உறுமல் கேட்டதாக அம்மா சொன்னார். மறுநாள் காலையே அதை ஜாப் கார்டில் ஏற்றிவிட்டேன்.