ஸ்மார்ட் மீட்டர் தரவை வைத்து மின் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மின்சாரத்தை யாரிடம் வாங்குவது என்று நாமே முடிவு செய்யும் வசதி பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகள், நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்கள், அமெரிக்காவில் டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் என்று பல இடங்களில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் ஒப்பீட்டுத் தளத்துக்குப் போய், வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று ஒரே ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு, பட்டியலில் முதலில் வருவதைத் தேர்ந்தெடுத்து விடுகிறார்கள். எல்லா நேரமும் ஒரே விலை இருந்த காலத்தில் அது போதும். இப்போது இரவில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று திட்டங்கள் வந்துவிட்டன. மாதம் 300 யூனிட் ஓடும் இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு லாபமான திட்டம் இன்னொன்றுக்கு நஷ்டமாகலாம். எது எந்த வீடு என்று உங்கள் மீட்டருக்குத்தான் தெரியும்.

நான் மின் நிறுவனத்தை மாற்றியபோது போட்ட கணக்கைத்தான் கீழே எழுதுகிறேன். எக்செல்லில் கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

தொடங்குமுன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். விற்பனை நிறுவனத்தை மாற்றினால் கரண்ட் அடிக்கடி போகுமோ என்று பயப்பட வேண்டாம். கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் விநியோக நிறுவனத்துக்குச் சொந்தம். நீங்கள் யாரிடம் வாங்கினாலும் அதே கம்பி, அதே கரண்ட். மாறுவது விலை, ஒப்பந்தம், பில் அனுப்பும் ஆள் மட்டும்தான்.

படி 1: தரவை இறக்குங்கள்

இணைப்பு எண்ணை பில்லிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் இது 13 இலக்கம், டெக்சாஸில் 17 அல்லது 22 இலக்கம். இது வாடிக்கையாளர் எண் அல்ல. நிறுவனம் மாறினாலும் வீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எண்.

பிறகு உங்கள் நிறுவனத்தின் தளத்திலோ விநியோக நிறுவனத்தின் தளத்திலோ நுழைந்து, இடைவெளித் தரவை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) கோப்பாக இறக்குங்கள். மாத மொத்தமோ நாள் மொத்தமோ உதவாது. அரை மணிக்கு ஒரு முறை அல்லது கால் மணிக்கு ஒரு முறை பதிவானதுதான் வேண்டும். அரை மணிக் கணக்கு என்றால் ஒரு நாளுக்கு 48 பதிவுகள், ஒரு வருடத்துக்கு 17,520. முடிந்தவரை முழு வருடத்தையும் எடுங்கள். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வீடு ஓடும் விதமே வேறு.

இதை மாறுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். கணக்கை மூடியபின் பழைய தளத்தில் நுழைய முடியாமல் போகலாம்.

படி 2: கோப்பைத் திறங்கள்

சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கி எக்செல்லில் திறக்காதீர்கள். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களைத்தான் சரியாக வைத்துக்கொள்ளும். 17 இலக்க இணைப்பு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைச் சுழியமாக்கிவிடும். தேதியில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் படித்துவிடும் ஆபத்தும் உண்டு. நான் லிப்ரே ஆபிஸ் கால்க்கைத்தான் சிபாரிசு செய்வேன். அது இலவசம் என்பதைவிட, சிஎஸ்வியைத் திறக்கும்போதே ஒவ்வொரு பத்தியும் எண்ணா, எழுத்தா, தேதியா என்று தேர்ந்தெடுக்க விடுவதுதான் காரணம். இணைப்பு எண் பத்தியை எழுத்து என்று குறித்துவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் கோப்பு பெரும்பாலும் நெம்12 என்ற வடிவத்தில் இருக்கும். அதில் ஒரு நாளுக்கு ஒரே வரி, பதிவுகள் பக்கவாட்டில் நீளும். 300 என்று தொடங்கும் வரிகளில் மட்டும்தான் பதிவுகள் இருக்கும். மற்றவை தலைப்பும் குறிப்பும்.

பதிவுகளோடு வரும் தரக் குறியீட்டையும் ஒரு முறை பாருங்கள். மீட்டரிலிருந்து தகவல் வராத நாட்களுக்கு நிறுவனம் உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டு வைத்திருக்கும். நெம்12 கோப்பில் ஏ என்றால் உண்மையான அளவீடு, ஈ என்றால் உத்தேசம். உத்தேச நாட்கள் நிறைய இருந்தால் அந்த மாதத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிடுங்கள்.

படி 3: நேரத்தைச் சரிபாருங்கள்

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். இங்கே அரை மணி பிசகினால் மேற்கொண்டு போடும் கணக்கு முழுக்கத் தப்பு, அதுவும் தப்பென்று தெரியாமலே.

முதல் சிக்கல்: 16:00 என்று எழுதியிருக்கும் வரி எந்த அரை மணியைக் குறிக்கிறது? சில கோப்புகளில் 16:00இல் தொடங்குவது, சிலவற்றில் 16:00இல் முடிவது. முடிவைக் குறிக்கும் கோப்பு என்றால், 00:00 வரி முந்தைய நாளின் கடைசி அரை மணி.

இரண்டாம் சிக்கல்: கோடைக்காலக் கடிகார மாற்றம். கோப்பு உள்ளூர் நேரத்தில் இருந்தால் கடிகாரத்தை முன்னே தள்ளும் நாளில் 46 பதிவுகளும், பின்னே தள்ளும் நாளில் 50 பதிவுகளும் இருக்கும். எல்லா நாளும் சரியாக 48 என்றால் கோப்பு உள்ளூர் நேரத்தில் இல்லை. ஆஸ்திரேலியாவின் நெம்12 கோப்பில் வருடம் முழுக்கச் சந்தை நேரம்தான், அதாவது கோடையிலும் மாறாத கிழக்கு ஆஸ்திரேலிய நேரம். பிரிட்டனில் சில தளங்கள் சர்வதேச நேரத்திலேயே (யூடிசி) தருகின்றன. பிரிட்டனின் அந்தக் கோப்பிலும், சிட்னி, மெல்போர்ன் போன்ற ஆஸ்திரேலிய நகரங்களின் கோப்பிலும், கோடையில் உங்கள் சுவர்க் கடிகாரம் 4 மணி காட்டும்போது 3 மணிதான். மாலை 4 மணிக்கு விலை ஏறும் திட்டத்துக்கு இது பெரிய வித்தியாசம்.

மூன்றாவது: எண் யூனிட்டா, கிலோவாட்டா? அரை மணியின் சராசரிக் கிலோவாட்டைக் கொடுத்திருந்தால் அதைப் பாதியாக்கினால்தான் யூனிட்.

கோடைக்காலக் கடிகாரம் நடப்பில் இருக்கும் மாதத்தில் செய்தால், மூன்றையும் ஒரே சோதனையில் தெரிந்துகொள்ளலாம். வீட்டில் பெரிதாக எதுவும் ஓடாத நேரம் பாருங்கள். 2 கிலோவாட் அறைச் சூடேற்றியைச் சரியாக 11:00க்குப் போட்டு 11:30க்கு அணையுங்கள். நடுவில் தானாக அணைந்து எரியும் சாதனம் வேண்டாம், கணக்கு குழம்பும். தரவு வந்தபின் பாருங்கள். ஏதோ ஒரு வரியில் மட்டும் திடீரென்று சுமார் 1 ஏறியிருக்கும். அந்த வரி 11:00 என்றால் கோப்பு தொடக்கத்தைக் குறிக்கிறது, 11:30 என்றால் முடிவை. 10:00 அல்லது 10:30 என்றால் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஏற்றம் 1க்குப் பதில் 2 என்றால் அது கிலோவாட்.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. மீட்டர் திரையில் 1.8.0 என்ற குறியீட்டோடு வருவது நீங்கள் வாங்கிய மொத்த யூனிட். எல்லா மீட்டரிலும் இந்தக் குறியீடு தெரியாது. இல்லையென்றால் மொத்த நுகர்வு என்று வருவதைப் பாருங்கள். இரண்டு தேதிகளில் எடுத்த ரீடிங்கின் வித்தியாசமும், கோப்பில் அந்தத் தேதிகளுக்கு இடைப்பட்ட பதிவுகளின் கூட்டலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

படி 4: கணக்கு

பிவட் டேபிள் எல்லாம் தேவையில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் உச்சம் (விலை அதிகமான நேரம்), இரவு, மற்றவை என்று ஒரு பத்தி. பிறகு, நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸ் சூத்திரத்தில் மூன்று கூட்டல்கள். அவ்வளவுதான்.

எடுத்துக்காட்டுக்கு, மாதம் 300 யூனிட்டில் உச்ச நேரத்தில் 90, இரவில் 75, மற்ற நேரத்தில் 135 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இப்போதைய திட்டம் எந்த நேரமும் யூனிட்டுக்கு 30 (பென்னியோ சென்ட்டோ, உங்கள் ஊர்க் காசில்). புதிய திட்டம் உச்சத்தில் 48, இரவில் 16, மற்ற நேரம் 28. விளம்பரத்தில் 16தான் பெரிய எழுத்தில் இருக்கும்.

பழையது: 300 × 30 = 9,000.
புதியது: 4,320 + 1,200 + 3,780 = 9,300.

இரவில் விலை ஏறக்குறைய பாதி, மற்ற நேரத்திலும் குறைவு. ஆனாலும் மொத்தத்தில் அதிகம். ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள். உச்ச நேரத்திலிருந்து இரவுக்கு நகர்த்தும் ஒவ்வொரு யூனிட்டும் 32 மிச்சப்படுத்துகிறது. கூடுதலாக வரும் 300ஐ இந்த 32ஆல் வகுத்தால் 9.4. மாதத்துக்கு 10 யூனிட்டை நகர்த்த முடிந்தாலே புதிய திட்டம் முந்திவிடும். துணி துவைக்கும் இயந்திரத்தையும் தண்ணீர் சூடேற்றியையும் டைமரில் போட்டால் முடியுமா என்று உங்கள் வீட்டை வைத்து நீங்களே சொல்லலாம். பெரும்பாலான ஒப்பீட்டுத் தளங்கள் இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்பதில்லை.

தினசரி நிலைக்கட்டணத்தையும் அரசு வரியையும் இரண்டு பக்கமும் சேர்க்க மறக்காதீர்கள். யூனிட் விலையைக் குறைத்துவிட்டு நிலைக்கட்டணத்தில் ஏற்றும் திட்டங்கள் உண்டு. குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளை அதுதான் அதிகம் பாதிக்கும்.

இந்தக் கோப்பை இலவசமாக அலசித் தருகிறோம் என்று சொல்லும் தளங்களில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. எப்போது எழுகிறீர்கள், எந்த வாரம் வீடு பூட்டிக் கிடந்தது என்பதெல்லாம் அந்த எண்களில் அப்பட்டமாகத் தெரியும். கணக்கு உங்கள் கணினியிலேயே முடியட்டும்.

படி 5: ஒப்பந்தத்தைப் படியுங்கள்

விலை எத்தனை மாதத்துக்கு நிலையானது, பாதியில் விலகினால் அபராதம் எவ்வளவு, அறிமுகச் சலுகை முடிந்தபின் எந்த விலைக்குப் போகும். இந்த மூன்றும் எழுத்தில் கிடைத்தால்தான் மேலே போகலாம்.

மொத்தச் சந்தை விலை மணிக்கு மணி மாறி அப்படியே நம் தலையில் வரும் திட்டங்கள் தனி ரகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 மின்சந்தைச் சட்டப்படி, 2 லட்சத்துக்கு மேல் வாடிக்கையாளர் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர் கேட்டால் இப்படியொரு திட்டத்தைத் தர வேண்டும். உரிமை நல்லதுதான். ஆனால் 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் குளிர்புயல் அடித்தபோது மொத்த விலை ஒரு மெகாவாட்-மணிக்கு (அதாவது 1,000 யூனிட்டுக்கு) 9,000 டாலர் உச்சவரம்பில் போய் நின்றது. யூனிட்டுக்கு 9 டாலர்! சந்தை விலைத் திட்டத்தில் இருந்த வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலரில் பில் வந்தது. மின்கார், பேட்டரி போல நேரம் மாற்றி ஓட்டக்கூடிய பெரிய சுமை இல்லாத வீட்டுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அப்படிப்பட்ட சுமை இருந்தாலும், விலைக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் சேர வேண்டும்.

படி 6: மாறுங்கள்

புதிய நிறுவனத்தில் விண்ணப்பித்தால் போதும். வழக்கமாகப் பழையவர்களிடம் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். பிரிட்டனில் முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே ஒன்று கேளுங்கள்: மாறியபின் என் மீட்டர் தானாக ரீடிங் அனுப்புமா? அந்த மீட்டர்கள் நிறுவனம் மாறியதும் பேச்சை நிறுத்திக்கொண்டு சாதாரண மீட்டராகிவிட்ட கதை நிறைய நடந்தது. எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தும் பொது வலையமைப்புக்கு மாற்றப்பட்ட மீட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை.

பிற்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

சோலார் வைத்திருப்பவர்களுக்கு: கோப்பில் இரண்டு வரிசை இருக்கும். ஒன்று வாங்கியது, இன்னொன்று வெளியே கொடுத்தது; மீட்டர் திரையில் முதலாவது 1.8.0, இரண்டாவது 2.8.0. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்காதீர்கள். வாங்கும் விலையும் கொடுக்கும் விலையும் வேறு என்றால் இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் கணக்குப் போட வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது எதற்கு என்று கேட்டிருந்தார்கள். மும்பையின் சில பகுதிகளைத் தவிர வீடுகளுக்கு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லைதான். ஆனால் 2023இல் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி, ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியபின் விவசாயம் தவிர்த்த இணைப்புகளுக்கு நேரவாரிக் கட்டணம் வர வேண்டும். சூரிய ஒளி நேரத்தில் வழக்கமான விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 1.1 மடங்கு. உங்கள் மாநிலத்தில் அது வந்துவிட்டால் முதல் நான்கு படிகள் அப்படியே பொருந்தும். ஒரே வித்தியாசம், சுமையை இரவுக்கு அல்ல, பகலுக்கு நகர்த்த வேண்டும்.

கடைசி பில்லில் தகராறு வந்ததாகச் சிலர் எழுதியிருந்தார்கள். பழைய நிறுவனம் மூடிய ரீடிங்கும் புதியது தொடங்கிய ரீடிங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இடைப்பட்ட யூனிட்டுக்கு இரண்டு பேரும் காசு கேட்கக்கூடும். மாறும் தேதியன்று மீட்டரின் எண்ணும் மொத்த ரீடிங்கும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுத்து, அன்றே இரண்டு நிறுவனத்துக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.