ஃப்ரட்டர்னிட்டியில் சேருமுன் என்ன விசாரிக்க வேண்டும்?

ஃப்ரட்டர்னிட்டி என்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆண் மாணவர்கள் சேரும் சங்கம். செமஸ்டர் தொடங்கியதுமே ரஷ், அதாவது புது உறுப்பினர்களைச் சேர்க்கும் காலம், வந்துவிடும். ஒவ்வொரு ஃப்ரட்டர்னிட்டியும் மேசை போட்டு, பீட்சா வைத்து, சகோதரத்துவம், கல்வி, சேவை, தலைமைப் பண்பு என்று அச்சடித்த அட்டையைக் கையில் திணிக்கும். சிக்மா ஃபை எப்சிலான் முன்வைப்பது நற்பண்பு, விடாமுயற்சி, சகோதர அன்பு. ஃபை டெல்டா தீட்டா முன்வைப்பது நட்பு, கல்வி, நேர்மை. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்றே தெரியாது. நான் மாணவனாக இருந்தபோது ஒரு ஃப்ரட்டர்னிட்டியின் பல்கலைக்கழகக் கிளையில் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டில், அதாவது உறுப்பினர்களே உறுப்பினர்களை விசாரிக்கும் குழுவில், இருந்தேன், இப்போது பழைய உறுப்பினராக அதற்கு ஆலோசனை சொல்கிறேன். அட்டையைப் படிக்க ஒரு நிமிடம் போதும். அதில் இருப்பதை மீறினால் என்ன நடக்கிறது என்று விசாரிக்கத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

எழுதிவைத்த விழுமியம் மட்டும் எதையும் காப்பாற்றாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல ஃப்ரட்டர்னிட்டிகளின் விதிகளிலேயே வெள்ளையர் மட்டும்தான் சேரலாம் என்று இருந்தது. சகோதரத்துவமும் அதே விதிப்புத்தகத்தில்தான் இருந்தது! 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கியது இப்படிப்பட்ட காலத்தில்தான்.

சரி, எதைக் கேட்பது? ஸ்டாண்டர்ட்ஸ் போர்டின் தலைவரைத் தேடிப் பிடித்து, "போன வருஷம் யாரையாவது சஸ்பெண்ட் செய்தீர்களா? எதற்காக?" என்று கேளுங்கள். பெயர்கள் வேண்டாம், காரணம் போதும். "சந்தா கட்டாததற்கு இரண்டு பேர், பார்ட்டியில் நடந்துகொண்ட விதத்துக்கு ஒருவர்" என்ற மாதிரி பதில் வந்தால் அது வேலை செய்கிற போர்டு. "எங்களுக்குள் அப்படியெல்லாம் எதுவும் வராது, நாங்கள் அண்ணன் தம்பி மாதிரி" என்றால் எனக்குச் சந்தேகம்தான். பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள் ஐம்பது பையன்கள் ஒரே வீட்டில் இருந்து ஒன்றுமே நடக்கவில்லையாம்!

மதிப்பெண்ணுக்கும் இதே கேள்விதான். பெரும்பாலான கிளைகள் ஒரு குறைந்தபட்ச ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) வைத்திருக்கும். அந்த எண்ணைவிட, அதற்குக் கீழே போனவருக்கு என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். படிப்பு நேரம் கட்டாயமா? பார்ட்டிக்குத் தடையா? பழைய மாணவர்கள் வளாகத்துக்குத் திரும்பிவரும் ஹோம்கமிங் வாரத்தில் அந்தத் தடை மெல்லக் காணாமல் போகிறதா? இதைத் தலைவரிடம் கேட்காமல் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரிடம் கேளுங்கள், சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடுவார். பல பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு கிளையின் சராசரி ஜிபிஏவையும் செமஸ்டர்தோறும் வெளியிடுகின்றன. அதை வளாகத்து ஆண் மாணவர்களின் சராசரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஹேசிங், அதாவது புதியவர்களைக் கொடுமைப்படுத்துவது. 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, எந்த மாணவர் அமைப்பு ஹேசிங் விதியை மீறியது என்பதைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும். உங்கள் கல்லூரியின் பட்டியலைத் தேடிப் படியுங்கள். ஃப்ரட்டர்னிட்டித் தலைமையகத்தின் விதிகளையும் பாருங்கள்: சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014-இல் பிளெட்ஜ் முறையையே, அதாவது முழு உறுப்பினராகுமுன் புதியவர்கள் கடக்க வேண்டிய சோதனைக் காலத்தையே, நீக்கிவிட்டது. ஃபை டெல்டா தீட்டாவின் வீடுகளில் 2000 முதல் மது கூடாது. விதி இருப்பது ஒன்று, உங்கள் கிளை அதைப் பின்பற்றுவது வேறு.

ரகசியம் எல்லாமே தப்பு என்று நினைக்க வேண்டாம். சேர்க்கைச் சடங்கு, கைகுலுக்கும் முறை போன்றவை ரகசியமாக இருப்பது இங்கே பழைய வழக்கம். ஆனால் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை அறைத்தோழனிடம் சொல்லக் கூடாது என்றாலோ, போனை வாங்கி வைத்துக்கொண்டாலோ அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். "விருப்பமிருந்தால் செய்" என்ற பேச்சிலும் மயங்க வேண்டாம். நீங்கள் சம்மதித்தீர்கள் என்பது பல மாநிலங்களில் ஹேசிங் வழக்குக்குத் தற்காப்பாகாது.

டெல்டா எப்சிலான் சை போன்ற தெற்காசிய ஃப்ரட்டர்னிட்டிகளும் உண்டு, அது 1998-இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் தொடங்கியது. "நம்ம பசங்கதானே" என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். அங்கேயும் இதே கேள்விகளைக் கேளுங்கள், ஒன்றையும் குறைக்காதீர்கள்.

'பிட்' என்கிற அழைப்பு வந்த இரவே கையெழுத்துப் போட வேண்டாம். புது உறுப்பினர் கட்டணம், தலைமையகத்துக்குப் போகும் பங்கு, காப்பீடு, வீட்டு வாடகை, அபராதம் எல்லாவற்றையும் பொருளாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். தவணை உண்டா என்றும் கேளுங்கள். பிறகு பாதியில் விலகிய ஒருவரைக் கண்டுபிடித்துக் காபி வாங்கிக் கொடுங்கள். ஏன் விலகினார், பாக்கிப் பணத்தை எப்படிக் கேட்டார்கள், விலகிய பிறகு யார் யார் அவரோடு பேசுகிறார்கள் என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.