கவலைப்பட்டால் கட்டி வளருமா? வார்டுக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் புற்றுநோய் வார்டில் எங்கள் தன்னார்வலர் குழுவில் நான்கு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். அதில் ஒரு பையன், கீமோ ஏறிக்கொண்டிருந்த ஓர் அக்காவின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கவலையே படாதீங்கக்கா, கவலைப்பட்டா கட்டி வளரும்னு ஆராய்ச்சியே சொல்லுது" என்றான். அவர் தலையாட்டினார். எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே வாக்கியத்தை இதே பாசத்தோடு நானும் சொல்லியிருக்கிறேன்.

நோயாளி முன்னால் அழுவது, பக்கத்துப் படுக்கைக்காரரோடு ஒப்பிடுவது, இதெல்லாம் தவறு என்று சொல்லாமலே தெரியும். விட்டுவிடுகிறேன்.

பயமுறுத்தி ஆறுதல் சொல்வது

என் வாயிலிருந்து அந்த வாக்கியத்தைக் கேட்டவர் மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்து, செக்கப்புக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஓர் அம்மா. நான் சொன்னதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டார், அதுதான் வினை. அப்புறம் எப்போது பார்த்தாலும் சிரித்த முகம். "எப்படிம்மா இருக்கீங்க?" என்றால் "எனக்கென்ன தம்பி, ஜம்முனு இருக்கேன்" என்பார். நானும் என் ஆறுதல் வேலை செய்கிறது என்று பூரித்துப்போய் இருந்தேன். இடுப்பில் வலி ஆரம்பித்து இரண்டு மாதமாகியும் அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை, டாக்டரிடம்கூட. வலியைப் பற்றிப் பேசினால் பயம் வரும், பயந்தால் நோய் வளரும், ஆகவே பேசவே கூடாது என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். ராத்திரி புரண்டு புரண்டு படுப்பதைப் பார்த்துவிட்டு மகள்தான் இழுத்து வந்தார். ஸ்கேனில் முதுகெலும்பில் பரவியிருந்தது.

முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று கதை கட்ட மாட்டேன். ஆனால் அந்த இரண்டு மாத வலிக்கு மருந்து இருந்தது, ரேடியேஷன் இருந்தது. அதைவிட என்னை அறுப்பது அவர் கேட்ட கேள்வி: "நான் கவலைப்பட்டுத்தான் இதை வரவழைச்சுக்கிட்டேனா தம்பி?"

சரி, ஆராய்ச்சி என்னதான் சொல்கிறது? 2006இல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் அனில் சூட் குழுவினர், சினைப்பைப் புற்று செல்களை ஏற்றிய எலிகளைத் தினமும் சில மணி நேரம் நகர முடியாமல் அடைத்து வைத்தார்கள். மன அழுத்தத்தில் சுரந்த நாரட்ரினலின் என்ற ஹார்மோன், புற்று செல்லில் அது ஒட்டுவதற்கென்றே இருக்கும் பீட்டா ரிசெப்டரில் போய் ஒட்டி, கட்டிக்குப் புது ரத்தக் குழாய்கள் முளைக்கத் தூண்டியது. கட்டிகள் பெருத்தன, பரவின. அந்த ரிசெப்டரை அடைக்கும் ப்ரோப்ரனலால் என்ற மருந்தைக் கொடுத்தபோது இந்த விளைவு தடைபட்டது. பிறகு மனிதர்களிலும், ஆதரவு குறைவாக இருப்பதாகச் சொன்ன சினைப்பைப் புற்று நோயாளிகளின் கட்டியில் நாரட்ரினலின் கூடுதலாக இருப்பதைப் பார்த்தார்கள். ஆக, பையன் சொன்னது முழுப் பொய்யில்லை, அதனால்தான் எரிச்சல் கூடுகிறது. ஏற்கெனவே இருக்கிற கட்டி எப்படி வளர்கிறது என்பது வேறு, புற்று எதனால் வந்தது என்பது வேறு. 2013இல் ஐரோப்பாவில் 12 ஆய்வுகளின் 1.16 லட்சம் பேரைச் சேர்த்துப் பார்த்தபோது, வேலை அழுத்தத்துக்கும் மார்பகம், நுரையீரல், குடல், புராஸ்டேட் புற்றுகளுக்கும் தொடர்பு தெரியவில்லை. அழுகையை அடக்கினால் கட்டி சுருங்கும் என்று எந்த எலியும் சொல்லவில்லை. அடக்குவதே ஒரு அழுத்தம்தானே.

ஒரே ஆய்வைப் பிடித்துத் தொங்குவது

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் 1989இல் வெளியிட்டது எல்லாருக்கும் பிடித்த ஆய்வு. பரவிய மார்பகப் புற்றுள்ள 86 பெண்களில், வாராவாரம் குழுவாக உட்கார்ந்து பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதமும் மற்றவர்கள் 18.9 மாதமும் வாழ்ந்தார்கள். கேட்டால் புல்லரிக்கும். ஆனால் 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் அதையே செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. 2007இல் ஸ்பீகலே திரும்பச் செய்தார், மொத்தத்தில் அப்போதும் கூடவில்லை. கனடாவில் மனச்சோர்வும் வலியும் குறைந்தன, அதுவும் முதலிலேயே அதிகம் தவித்தவர்களுக்கு. எனக்கு அதுவே பெரிய விஷயம். குழுவுக்கு ஆள் சேர்க்கும்போது அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள், ஆயுளைச் சொல்லி அல்ல.

ஆதரவு என்றால் பேச்சு என்று நினைப்பது

2013இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 7.3 லட்சம் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். திருமணமானவர்களுக்கு நோய் பரவும் முன்பே கண்டறியப்படுவதும், தேவையான சிகிச்சை கிடைப்பதும் அதிகம், இறப்பு குறைவு. காரணம் ஹார்மோனாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. "அந்தக் கட்டியைக் காட்டினியா இல்லையா" என்று நச்சரிக்க வீட்டில் ஒரு ஆள் இருக்கிறது, அவ்வளவுதான். தனியாக இருப்பவருக்கு அந்த நச்சரிப்பை நாம் செய்யலாம். அடுத்த கீமோவுக்கு யார் கூட வருவார்கள், பஸ்ஸா ஆட்டோவா, காய்ச்சல் அடித்தால் ராத்திரி யாருக்கு போன் போடுவார் என்று கேளுங்கள். அந்தப் பையனிடமும் இதைத்தான் சொன்னேன். மறுவாரம் அந்த அக்காவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்க வரிசையில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

'பாசிட்டிவா இருங்க'

வேண்டாம்.

எலிக்குக் கொடுத்ததை மெடிக்கலில் வாங்கித் தருவது

ப்ரோப்ரனலால் புற்றுநோய் மருந்தில்லை. ஆஸ்துமா உள்ளவர் போட்டால் மூச்சு முட்டும்.