பெயர் கெடுவது போட்டிக்கு முன்பே: நகரங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு என்று 2025 நவம்பரில் முடிவானது. அதிலிருந்து "உலகத்தின் பார்வை நம் மீது", "நகரத்தின் பிராண்ட்" என்ற பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. 2010 போட்டி டெல்லிக்குக் கிடைத்த 2003இலும் இதே பேச்சுதான். செலவு எகிறும், கட்டுமானம் தாமதமாகும், டெண்டரில் ஊழல் நடக்கும் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும், அவற்றை இங்கே விட்டுவிடலாம். விஷயம் தெரிந்தவர்களே கோட்டை விடும் இடங்கள் வேறு.

தொடக்க விழாவில் எல்லாவற்றையும் போடுவது

2010 அக்டோபர் 3 அன்று ஜவஹர்லால் நேரு மைதானத்தில் நடந்த தொடக்க விழா அமர்க்களமாகத்தான் இருந்தது. இந்தியா 38 தங்கம் உட்பட 101 பதக்கங்களோடு இரண்டாம் இடம் பிடித்தது. விமான நிலையத்தின் மூன்றாம் முனையமும் புதிய மெட்ரோ தடங்களும் அந்த வருடமே திறந்தன. ஆனால் வெளிநாட்டில் "டெல்லி 2010" என்றால் இன்றும் நினைவுக்கு வருவது வீரர்கள் தங்குமிடத்தில் எடுத்த ஒரு கழிப்பறைப் படம். அது தொடக்க விழாவுக்குப் பத்து நாள் முன்பு வெளியானது.

வீரர் கிராமத்தைக் கடைசி மாதத்தில் கைமாற்றுவது

வீரர் கிராமம் என்பது போட்டியாளர்கள் தங்கக் கட்டும் குடியிருப்பு. அதைக் கட்டியவரிடமிருந்து கடைசி நேரத்தில் வாங்குவதுதான் மிக அதிக விலை கொடுத்த தவறு. இன்றும் இதைத் "துப்புரவுக் குறைபாடு" என்று எழுதுகிறார்கள், படிக்கும்போது எரிச்சல்தான் வருகிறது. துப்புரவாளர்கள் மீது பழியைப் போட்டுவிட்டால் ஒப்படைப்பு முறையை யாரும் தொடமாட்டார்கள். அடுத்த நகரமும் அதே குழியில் விழும்.

போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கையில் ஊருக்குள் இரண்டு கூட்டம் வந்து சேரும். ஒன்று, அணிகளின் முன்னோடிக் குழுக்கள். கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து இறங்கும் சம்பந்தி வீட்டார் மாதிரி, குறை பார்ப்பதுதான் அவர்கள் வேலை. அறை அறையாகப் படம் எடுத்துத் தங்கள் நாட்டுக்கு அனுப்புவார்கள். இன்னொன்று, செய்தியாளர்கள். போட்டி தொடங்காததால் எழுத ஒன்றும் இருக்காது. முதல் கூட்டம் எடுக்கும் படம்தான் இரண்டாவது கூட்டத்துக்குத் தலைப்புச் செய்தி.

டெல்லியில் அதுதான் நடந்தது. அக்ஷர்தாம் அருகே யமுனைக் கரையில் கிராமம், 34 கட்டடங்கள், 1,168 வீடுகள். செப்டம்பர் 21 அன்று பிரதான மைதானத்துக்கு வெளியே கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் சரிந்து 20க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். அதே நாட்களில் கறை படிந்த கழிப்பறை, வெற்றிலைத் துப்பல், மெத்தையில் நாயின் காலடித் தடம் என்று படங்கள் உலகெங்கும் பரவின. ஸ்காட்லாந்து தன் அணியின் ஒரு பகுதி கிளம்புவதைத் தள்ளிப்போட்டது. ஆஸ்திரேலிய வட்டெறிதல் வீராங்கனை டேனி சாமுவேல்ஸ் வரவில்லை என்று அறிவித்தார். இந்த நேரத்தில் அமைப்புக் குழுவின் பொதுச்செயலர், சுத்தம் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு அளவுகோல் என்கிற தொனியில் பேசினார். படத்தைவிட அந்தப் பேச்சு அதிகமாகக் கெடுத்தது. கடைசியில் முதல்வர் ஷீலா தீட்சித் நேரடியாக இறங்கி, ஓட்டல் ஊழியர்களை வரவழைத்துக் கிராமத்தைத் தேற்ற வேண்டியிருந்தது.

ஒரு புதுக் கட்டடம் எப்படி அந்தக் கதிக்கு வருகிறது? பில்டர் "முடிந்தது" என்று கையெழுத்துப் போடுகிறார். வளர்ச்சி ஆணையம் அந்தக் காகிதத்தை அமைப்புக் குழுவுக்குத் தள்ளுகிறது. சாவி மட்டும் இன்னும் டைல்ஸ் ஒட்டுபவரிடமும் எலெக்ட்ரீஷியனிடமும் இருக்கிறது. வேலையாட்களுக்கு வெளியே கழிப்பறை கட்டித் தராததால் உள்ளே இருக்கும் புதுக் கழிப்பறையைத்தான் பயன்படுத்துவார்கள். தண்ணீர் இணைப்பு முழுமையாக இருக்காது, ஃப்ளஷ் வேலை செய்யாது. பூட்டாத கதவு வழியாக நாய் வரும். காலையில் துடைத்த அறையில் மதியம் கட்டர் ஓடும், மறுபடி தூசி. இந்த நிலையில் ஆயிரம் துப்புரவாளர்களை இறக்கினாலும் பயனில்லை.

செய்ய வேண்டியது இது. பெற்றுக்கொள்பவர் என்று ஒரே ஒரு அதிகாரியை நியமித்து, அவர் கையெழுத்தில்லாமல் பில்டருக்குக் கடைசித் தவணை கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஒப்படைப்பு கட்டடம் கட்டடமாக, மேல்மாடியிலிருந்து கீழ்நோக்கி நடக்க வேண்டும். ஒரு கட்டடம் தேறியதும் பூட்டுகளையே மாற்றிவிட வேண்டும். அதன்பின் எந்தக் காண்ட்ராக்டரும் பதிவேட்டில் எழுதித்தான் உள்ளே போகலாம். தொழிலாளர் கழிப்பறை, குளியலறை வெளியே தனியாக இருக்க வேண்டும். வளாகத்தில் கடைசியாக இடிபடுவது அதுவாக இருக்கட்டும்.

பிறகு தண்ணீர்ச் சோதனை. ஒரே குழாய்த் தொடரில் உள்ள எல்லா மாடிகளிலும் டேப்பைத் திறந்து, ஃப்ளஷ்களை ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். குழாய்க்குள் சிமென்ட் கட்டி விழுந்திருந்தால் தரைத்தளத்து வடிகாலில் தண்ணீர் எதிர்த்து மேலே வரும். ஒரு மாடியில் ஒரு அறையை மட்டும் சோதித்தால் இது தெரியவே தெரியாது. குளியலறைத் தரையில் ஓரிரு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டுக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்க்க வேண்டும். கடைசியாக, ஒரு முழுக் கட்டடத்தில் ஆட்களை நிரப்பி இரண்டு இரவு தங்கவைக்க வேண்டும். லிஃப்ட், வெந்நீர், மின்சாரம், கொசு எல்லாம் அப்போதுதான் உண்மையைச் சொல்லும்.

இத்தனையும் மூன்று மாதம் முன்பே முடிய வேண்டும். முடிந்தபின் பூட்டி வைத்துவிடவும் கூடாது. புழங்காத கழிவுக் குழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர் சில வாரங்களில் வற்றிவிடும், சாக்கடை நாற்றம் நேராக அறைக்குள் ஏறும். வாரம் ஒருமுறையாவது எல்லாக் குழாயையும் திறந்துவிட ஆள் வேண்டும்.

குடிசைகளைத் தட்டி கட்டி மறைப்பது

கேமராக்காரர் தட்டியைத்தான் படம் எடுப்பார்.

ரசாயனக் கிடங்கை யாருக்கும் திறந்துவிடுவது

2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கின் டைவிங் குளம் பச்சையாக மாறியது. குளோரின் போட்டிருந்த நீரில் யாரோ 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கலந்துவிட்டார்கள். அது குளோரினின் வேலையை முறித்துவிட, பாசி வளர்ந்தது. பக்கத்துக் குளத்திலும் நிறம் மாறியதால், லட்சக்கணக்கான லிட்டர் நீரை வடித்துப் பயிற்சிக் குளத்து நீரால் நிரப்பினார்கள். ரியோவை ஒட்டிய குவனபாரா விரிகுடாவில் கலக்கும் கழிவுநீரில் 80 சதவீதத்தைச் சுத்திகரிப்போம் என்ற வாக்குறுதி பொய்த்ததுதான் உண்மையில் பெரிய தோல்வி. ஆனால் படமாக நின்றது பச்சைக் குளம். கிடங்குச் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று நோட்டில் ஏறாமல் ஒரு கேன்கூட நகரக்கூடாது.

பார்சிலோனாவைக் காப்பியடிப்பது

போட்டியால் நகரம் வளரும் என்று சொல்லும் எல்லா அறிக்கையிலும் பார்சிலோனா 1992 ஒலிம்பிக் வரும். அந்த நகரம் போட்டிக்காகத் திட்டம் போடவில்லை. ரயில் தண்டவாளமும் பழைய ஆலைகளும் மறைத்திருந்த கடற்கரையைத் திறப்பது, சுற்றுச்சாலை போடுவது என்று முன்பே வைத்திருந்த திட்டத்துக்குப் போட்டியை ஒரு கெடுவாக வைத்துக்கொண்டது. நல்ல பெயருக்கும் பிறகு ஒரு பில் வந்தது. 2024 ஜூலையில் சுற்றுலாக் கூட்டம் தாங்காமல் உள்ளூர்க்காரர்கள் பயணிகள் மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்கள்.

மைதானத்துக்குப் பின்னாளில் யார் வாடகை தருவார்?

மாண்ட்ரியல் 1976 ஒலிம்பிக். மைதானத்தின் கோபுரம் முடிந்தது 1987இல். கடன் தீர்ந்தது 2006இல்.

சின்னப் போட்டியின் வெற்றியைப் பெரிதாக நீட்டுவது

2022 செஸ் ஒலிம்பியாட் சென்னைக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. ரஷ்யாவிடமிருந்து கைமாறி நான்கே மாதத்தில், மாமல்லபுரத்தில் ஓட்டல் வளாகத்திலேயே நடந்தது. ஆனந்தின் ஊர் என்பதால் சதுரங்கம் அங்கே ஏற்கெனவே வேர்விட்டிருந்தது. நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது வேஷமாகத் தெரியவில்லை. ஆனால் அங்கே புதிதாக மைதானமும் கட்டவில்லை, வீரர் கிராமமும் கட்டவில்லை. இதைக் காட்டி "அடுத்து ஆசியப் போட்டி" என்பவர்கள் அந்தக் கட்டுமானக் கணக்கையே விட்டுவிடுகிறார்கள்.

அகமதாபாத் பார்க்க வேண்டியது கிளாஸ்கோவை. செலவு தாங்காது என்று 2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் கைவிட்ட 2026 போட்டியைப் பத்தே விளையாட்டுகளோடு, நான்கு வளாகங்களுக்குள் அடக்கி ஏற்றுக்கொண்ட நகரம் அது. வீரர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் தங்குமிடங்கள்தான். கைமாற்ற அங்கே புதுக் கிராமமே இல்லை.