கோடை லீவுக்கு முன் பொதுவேலைகளை ஒப்படைப்பது எப்படி?

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாத மதியம். தென்காசியில் அம்மா வீடு. அப்பா நுங்கு சீவித் தர, பிள்ளைகள் கட்டைவிரலால் குத்திக் குத்தித் தின்றுகொண்டிருந்தார்கள். நான் மட்டும் கிணற்றடியில் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். தாம்பரத்தில் எங்கள் அபார்ட்மென்ட் மோட்டார் ஓடவில்லை, எலக்ட்ரீஷியன் நம்பர் என்னிடம்தான் இருக்கிறது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் லாரிக்கு யார் பணம் கொடுப்பது என்று அடுத்த போன். நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால், எனக்கென்று எடுத்து வைத்திருந்த மூன்று கண் நுங்கில் எறும்பு.

யாரையும் குறை சொல்ல முடியாது. ஊருக்குப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். வேலையை மட்டும் ஒப்படைக்கவில்லை. அபார்ட்மென்ட் சங்கம், ரத்ததானக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, நூலகத்தில் கதை நேரம் என்று நாலு இடத்தில் தலையைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளோடு ஒரு மாதம் நிம்மதியாக இருக்க வழி தெரியாமல் முழிப்பவர்களுக்காக, போன வருடம் நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: தேதியைக் கெட்டிப்படுத்துங்கள்

“மே மாசம் கொஞ்சம் இருக்க மாட்டேன்” என்றால் யார் காதிலும் ஏறாது. டிக்கெட்தான் தேதி. ரயில் முன்பதிவு முன்பு 120 நாள். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். மே 5 பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற வேண்டுமென்றால் மார்ச் 6 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். டிக்கெட் கிடைத்ததும் போகும் தேதியையும் திரும்பும் தேதியையும் காலண்டரில் வட்டம் போடுங்கள். அந்த அறுபது நாள்தான் இறக்கி வைப்பதற்கான அவகாசம்.

(பிள்ளைகளிடம் குற்றால அருவிக்கு மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சாரல் ஜூனில்தான் ஆரம்பிக்கும். மே மாதம் பெரும்பாலும் பாறையைத்தான் பார்க்கலாம்.)

படி 2: போனைப் பார்த்து நோட்டு எழுதுங்கள்

நான் செய்யும் வேலைகளை யோசித்து எழுத உட்கார்ந்தபோது ஏழுதான் வந்தது. பிறகு இரண்டு மாத அழைப்புகளைக் கீழிருந்து மேலாகப் பார்த்தேன். யார், எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று குறித்துக்கொண்டே போனால் இருபத்து மூன்று. செப்டிக் டேங்க் லாரி, லிஃப்ட் சர்வீஸ், மாடிச் சாவி… இதெல்லாம் வேலை என்றே எனக்குத் தோன்றியதில்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு வேலைக்கு ஒரு பக்கம். மேலே வேலையின் பெயர், கீழே எப்போது வரும், யாரைக் கூப்பிட வேண்டும், எவ்வளவு ஆகும். அதற்கும் கீழே, உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவும். என் நோட்டில் தண்ணீர் லாரிப் பக்கம் இப்படி இருந்தது: “12,000 லிட்டர் லாரி நம் தெருவுக்குள் திரும்பாது, சின்ன லாரி என்று சொல்லிக் கேட்கவும். முதல் நாள் ராத்திரியே சொன்னால்தான் காலையில் வரும். குழாயைத் தொட்டியில் விடுவதற்கு முன் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைக் கூட்டச் சொல்லவும்.”

போனில் நீங்கள் பெயரைப் பதிந்து வைத்திருக்கும் லட்சணத்தையும் பாருங்கள். “தண்ணி அண்ணன் 2”, “மோட்டார் புதுசு” என்றால் அடுத்தவருக்கு என்ன புரியும்?

படி 3: தானாக நிற்பதை விட்டுவிடுங்கள்

பள்ளி மூடினால் பெற்றோர் குழுவும் ஓய்ந்துவிடும், ஜூனில் பார்த்துக்கொள்ளலாம். நூலகக் கதை நேரம் அப்படியில்லை, லீவில்தான் பிள்ளைகள் அதிகம் வருவார்கள். அதை ஒரு கல்லூரி மாணவியிடம் கொடுத்தேன். என்னைவிட நன்றாகக் கதை சொல்கிறாள் என்று கேள்வி.

படி 4: பணத்தை முதலில் கைமாற்றுங்கள்

நீங்கள் பொருளாளர் என்றால் இதை ஏப்ரல் தொடக்கத்திலேயே ஆரம்பியுங்கள். மார்ச் 31-ஓடு கணக்கு முடிவதால் வரவு செலவை அப்படியே எழுதிக் காட்டவும் தோது. வங்கியில் கையெழுத்து மாற்ற, சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடும் புதியவரின் அடையாளச் சான்றுகளோடும் போக வேண்டும். ஒரே நடையில் முடியும் என்று நம்பாதீர்கள். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கி கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஒரு மாதத்துக்காக இவ்வளவு எதற்கு என்று நினைத்தால், வாட்ச்மேன் சம்பளம் போலத் தொகை தெரிந்த செலவுக்குப் பெயர், தேதி, தொகை எழுதிய காசோலையைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும். வெறும் காசோலையில் கையெழுத்துப் போட்டு மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். ஏதாவது கணக்கு இடித்தால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

கரண்ட் பில்லில் ஒரு சிக்கல் உண்டு. இணைப்பு எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் பில் வந்திருக்கிறது என்ற குறுஞ்செய்தி பதிவு செய்த நம்பருக்குத்தான் போகும். எங்கள் பொது மீட்டருக்கு அது என் நம்பர். அதை மாற்றிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

படி 5: நிறுத்தவே முடியாததற்கு இரண்டு பேர்

ரத்ததானக் குழுவைக் கோடையில் மூட முடியாது. கல்லூரிகளுக்கு லீவு விட்டால் முகாம்கள் குறையும், ரத்த வங்கிகளில் இருப்பும் குறையும். அதிலும் தட்டணுக்களை ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும். தேவை மட்டும் வழக்கம்போல வந்துகொண்டே இருக்கும்.

ஒருவர் தலையில் கட்டாதீர்கள். ஒற்றைப்படைத் தேதிக்கு ஒருவர், இரட்டைப்படைக்கு இன்னொருவர். இருவருக்கும் நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

கோரிக்கை வந்ததும் குழுவில் போட வேண்டாம். முதலில் நோயாளியுடன் இருப்பவரை அழைத்துக் கேளுங்கள். எந்த மருத்துவமனை, எந்த வகை, எத்தனை யூனிட், எந்தத் தேதிக்குள்? பாதிச் செய்திகள் மாதக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய ஃபார்வர்டுகள். அடுத்து இ-ரக்தகோஷ் என்ற அரசுத் தளத்தில் பக்கத்து ரத்த வங்கிகளின் இருப்பைப் பாருங்கள். அதற்கும் பிறகுதான் கொடையாளர் பட்டியல். ஆண்கள் என்றால் கடைசியாகக் கொடுத்து 90 நாள், பெண்கள் என்றால் 120 நாள் ஆகியிருக்க வேண்டும். நெகட்டிவ் வகையினர் தனிப் பக்கத்தில். அவர்களை அவசரத்துக்கு மட்டும் கூப்பிடுங்கள். பட்டியலை எந்தக் குழுவிலும் பகிராதீர்கள், நம்மை நம்பிக் கொடுத்த நம்பர்கள் அவை.

படி 6: “முடிஞ்சா பாக்கறேன்” என்று சொல்லாதீர்கள்

நமக்கு அது மறுப்பு. கேட்பவருக்கு அது சம்மதம். எங்கள் செயலாளர் லிஃப்ட் பக்கத்தில் நிறுத்தி, “ஊர்ல இருந்தாலும் போன்ல கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா” என்றார். போன வருடம்தான் முதன்முறையாக, “இல்ல சார், மே 5-லேர்ந்து ஜூன் 1 வரைக்கும் மூணாவது மாடி அக்காதான். நோட்டு அவங்ககிட்ட இருக்கு” என்றேன். அவர் கொஞ்சம் முகம் சுளித்தார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் ஆகவில்லை.

வாட்ஸ்அப்பில் போடவும் இதே வடிவம் போதும். தேதி, யார், அவர் நம்பர். “குடும்பச் சூழ்நிலை காரணமாக” என்று இழுக்க வேண்டாம். காரணம் சொன்னால் அந்தக் காரணத்துக்குத் தீர்வு சொல்ல நாலு பேர் வருவார்கள்.

படி 7: ஊரில் இருக்கும்போதே ஒரு வாரம் ஒதுங்குங்கள்

ஏப்ரல் கடைசி வாரம் வீட்டில் இருந்துகொண்டே எதையும் செய்யாதீர்கள். யார் கூப்பிட்டாலும் அக்காவிடம் கேளுங்கள் என்று சொல்லுங்கள். அக்கா உங்களிடம் கேட்டால் பதில் சொல்லிவிட்டு, அந்தக் கேள்வியை நோட்டில் சேருங்கள். அந்த வாரம் எனக்கு ஐந்து பக்கம் கூடியது. கிளம்பும் அன்று குழுக்களை மியூட் செய்தேன், அட்மின் பொறுப்பை மாற்றினேன். குழுவை விட்டு வெளியேறவில்லை. வெளியேறினால் கோபித்துக்கொண்டதாக ஒரு கதை கிளம்பும்.

படி 8: திரும்பியதும் பாயாதீர்கள்

வந்து மூன்று நாள் நோட்டைக் கேட்காமல் இருந்தேன். நான்காம் நாள் அக்காவே கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீர் லாரிப் பக்கத்தில் என் “தண்ணி அண்ணன் 2” நம்பரின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் வேறு நம்பர், அதன் கீழே அவர் கையெழுத்தில்: “இவர் லாரி உள்ளே திரும்பும். 200 ரூபாய் கம்மி.”

நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். இந்த வருடம் பொருளாளரும் அவர்தான்.